மூட்டு மாற்று ஒப்பரேஷன்: முன்னும் பின்னும் வீட்டார் செய்ய வேண்டியவை

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கால் மறுபடி வெள்ளவத்தைச் சந்தைக்கு நடக்குமா, வரவேற்பறைக் கதிரையோடு நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்திய ஆறு கிழமையிலும் பிந்திய ஆறு கிழமையிலும் தீர்மானமாகிறது. அந்த நாட்கள் வீட்டாரின் கையில் இருப்பவை. பாசத்தோடு செய்யும் இரண்டு காரியங்கள் நன்றாக முடிந்த ஒப்பரேஷனையும் கெடுத்துவிடுகின்றன. நோயாளியை அசையவிடாமல் படுக்கவைப்பது ஒன்று. மீனையும் முட்டையையும் நிறுத்திப் பத்தியம் காப்பது மற்றது. இங்கே எழுதியுள்ள மருந்து அளவையோ நாளையோ உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் காலைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர்.

நாள் குறிக்க முன்

முதலில் சீனி. கிளினிக்குக்கு முதல் நாள் இரவு சோற்றைக் குறைத்து, காலையில் வெறும் வயிற்றுச் சீனியை நல்ல இலக்கமாகக் காட்டுவது பலரின் வழக்கம். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை அப்படி ஏமாறாது. முந்திய இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அது 7.5 அல்லது 8க்கு மேலிருந்தால் பெரும்பாலான நிபுணர்கள் நாளைத் தள்ளிவைப்பார்கள். சீனி கூடிய குருதியில் வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்கும் வலு குறைகிறது, காயம் பிந்திக் காய்கிறது. செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிவிட்டால் அது தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் அன்டிபயோட்டிக் சரியாக எட்டாது. கடைசியில் பொருத்திய மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். அதை நினைத்துப் பார்த்தால் இரண்டு மாதம் தள்ளிப்போவது பெரிய இழப்பே இல்லை.

அடுத்தது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. மூட்டு மாற்றின்போது 2 முதல் 3 கிராம் வரை இறங்குவது வழக்கம். ஆகவே 10ல் போய் மேசையில் படுப்பவர் மறுநாள் எழுந்து நிற்கும்போதே தலைசுற்றி விழலாம், குருதி ஏற்றவும் வேண்டி வரலாம். இரும்புச்சத்துக் குளிசை பலன் தர ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். கடைசிக் கிழமையில் தொடங்கிப் பயனில்லை. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி வேண்டாம், தேயிலையில் உள்ள சாயச்சத்து இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாது. ஏன் இரத்தம் குறைந்தது என்றும் கேளுங்கள். முழங்கால் நோவுக்கு வருடக் கணக்காக டைக்ளோஃபெனாக் போட்டவர்களுக்கு இரைப்பையில் புண் வந்து, வெளியே தெரியாமல் இரத்தம் கசிவதுண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போவது அதன் அடையாளம்.

சொத்தைப் பல், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிக்கால் வெடிப்பு, எரிவோடு போகும் சலம்: இவை எல்லாமே கிருமி இரத்தத்துக்குள் நுழையும் வாசல்கள். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். முழங்காலுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருந்தால் அதற்கும் ஒப்பரேஷனுக்கும் இடையில் குறைந்தது 3 மாதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொற்று வரும் வாய்ப்புக் கூடும். நோவுக்கு ஊசி போட்டவர் ஒருவர், ஒப்பரேஷன் செய்பவர் இன்னொருவர் என்றால் இந்தச் செய்தி இடையில் விழுந்துபோகும். நீங்களாகவே சொல்லுங்கள்.

புகைப்பதை நான்கு கிழமைக்கு முன்னராவது நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அம்மம்மாவும் வாய் திறக்கமாட்டார். நிக்கோட்டின் வாய்வழியாகவும் இரத்தத்தில் கலந்து நுண்குழாய்களைச் சுருக்கும். தோலும் என்பும் கூடுவது பிந்தும். வெற்றிலைத் தட்டில் இருந்து புகையிலையை எடுத்துவிடுங்கள்.

மருந்துகளை ஒரு தாளில் பெயர், அளவு, வேளை என்று எழுதுங்கள். பைக்குள் குளிசைக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போவதைவிட அது நம்பகமானது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சீனி மருந்துகளை 3 நாளுக்கு முன்னரே நிறுத்துவார்கள். பட்டினியில் அவை சீனியைக் கூட்டாமலேயே இரத்தத்தை அமிலமாக்கக் கூடும், சீனியை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் வார்ஃபரினை வழமையாக 5 நாளுக்கு முன்னும், குளோபிடோகிரெலை 5 முதல் 7 நாளுக்கு முன்னும் நிறுத்துவதுண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இவற்றைத் தானாக நிறுத்தவே கூடாது; இதய வைத்தியரின் எழுத்து வேண்டும். ஆயுர்வேதக் கஷாயம், சித்த மருந்து, வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய சத்துக் குளிசை எல்லாவற்றையும் அதே தாளில் சேருங்கள்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் செயற்கை மூட்டை வாங்கித் தரச் சொல்லும் சந்தர்ப்பம் உண்டு. அப்படியானால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றி ஒப்பரேஷனுக்கு முன்னரே விசாரியுங்கள்.

தொடைத் தசைக்கு வேலை கொடுப்பதையும் இப்போதே தொடங்கலாம். மல்லாந்து படுத்து, காலை நேராக நீட்டி, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி ஐந்து விநாடி வைத்து இறக்குவது, பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. முன்பே பலப்பட்ட தசைதான் பிறகு காலைத் தாங்கும்.

வீட்டைத் தயார்செய்தல்

கொழும்புத் தொடர்மாடியில் முதலில் கேட்க வேண்டியது, கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்பதுதான். ஓடாதென்றால் படியேறப் பழகும் வரை கீழ்த்தளத்தில் உள்ள உறவினர் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். கதிரை கையுள்ளதாக, இருக்கை 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரமாக இருக்கட்டும். தாழ்ந்த சோபா வேண்டாம். குந்தும் கழிப்பறை என்றால் கொமோட் கதிரை ஒன்று வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். குளியலறைத் தரையில் வழுக்காத றப்பர் விரிப்பு, சுவரில் திருகிய கைப்பிடி. துவாய் கொழுவும் கம்பியைப் பிடித்து எழும்பினால் அது கழன்று வரும். நிலத்துப் பாய், மிதியடி, ஃபானுக்கு இழுத்த வயர் எல்லாம் வழியிலிருந்து போகட்டும். தரை தொடும் சாரமும் நீளமான ஹவுஸ்கோட்டும் வோக்கரின் காலில் சிக்கும்.

வோக்கரை வாங்கியவுடன் உயரத்தைச் சரிசெய்யுங்கள். நோயாளி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே கைப்பிடி வரவேண்டும். உயரம் பிழைத்த வோக்கர் கூன வைக்கும், தோளையும் நோகச் செய்யும்.

முந்திய நாளும் வார்டும்

கால் மயிரை வீட்டில் பிளேட்டால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஒரே இரவில் கிருமி குடியேறிவிடும். தேவையென்றால் வைத்தியசாலையில் கிளிப்பரால் வெட்டுவார்கள். ஒப்பரேஷனுக்கு முந்திய இரவும் அன்று காலையும் சோப் போட்டுக் குளித்தால் போதும், கிருமிநாசினிச் சோப் தந்திருந்தால் அதைப் பாவியுங்கள். நெயில் பொலிஷையும் கைமருதோன்றியையும் தவிர்ப்பது நல்லது, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி அந்த நிறங்களால் தடுமாறும்.

பட்டினி விடயத்தில் நடக்கும் பிழை எப்போதும் ஒன்றே. திட உணவு 6 மணித்தியாலத்துக்கு முன்னும், தெளிந்த நீர் வகை 2 மணித்தியாலத்துக்கு முன்னும் நிற்க வேண்டும். பால் தேத்தண்ணி திட உணவுக் கணக்கில்தான் சேரும். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று விடியக் கொடுத்த அரைக் கோப்பையால் அன்றைய பட்டியலில் இருந்து பெயர் போன சம்பவம் ஏராளம். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை மயக்க மருந்து வைத்தியர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் கிளினிக் புத்தகத்தின் முன்னட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். தோலை வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு அன்டிபயோட்டிக் ஊசி ஏற்றப்படும், எந்த மருந்து என்பது இந்தக் குறிப்பைப் பார்த்தே தீர்மானமாகும். வடக்கிலிருந்து வருபவர்களுக்குச் சிங்களம் வராவிட்டால் "ரிதெனவா" (நோகிறது) என்ற ஒரு சொல்லையாவது பழக்கிவிடுங்கள். இரவில் பக்கத்தில் உறவினர் இல்லாத நேரம் நோவைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக் கிடப்பவர்கள் பலர். நோவு அடங்காத கால் மடங்காது.

எழுந்து நிற்கும் நாள்

மூட்டு மாற்றிய அன்றோ மறுநாளோ நிற்கவைப்பார்கள். வீட்டார் பதறுவார்கள், "தையல் பிரிந்துவிடும்" என்பார்கள். பிரியாது. புதிய மூட்டு முதல் நாளிலிருந்தே உடல் பாரத்தைத் தாங்கும்படி பொருத்தப்பட்டது. படுத்தே கிடந்தால் மூன்று கேடு வரும். கெண்டைக்கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். நெஞ்சில் சளி தேங்கி நியூமோனியா ஆகலாம். முழங்காலுக்குள் தழும்புத் திசு இறுகி, மடக்க முடியாமல் போகலாம்.

முழங்காலின் கீழ் தலையணை வைக்காதீர்கள். இதைவிட முக்கியமான வரி இந்தக் கட்டுரையில் இல்லை. சற்று மடங்கிய நிலையில் நோவு குறைவாக இருப்பதால் நோயாளியே கேட்பார், பிள்ளைகளும் இரக்கப்பட்டு வைத்துவிடுவார்கள். சில கிழமையில் முழங்கால் அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். நேராகாத கால் குட்டையாகிய கால் மாதிரி நொண்டும். சுருட்டிய துவாயைக் குதிக்காலின் கீழ் வையுங்கள், முழங்கால் தன் பாரத்தாலேயே நேராகட்டும். பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தரம்.

மடக்குவதில் இலக்கு: இரண்டு கிழமையில் 90 பாகை, ஆறு கிழமையில் 110 வரை. கதிரையில் அமர்ந்து, நல்ல காலை நோய்க் காலின் முன்னே வைத்துப் பின்னோக்கி மெல்ல அழுத்துவது எளிய வழி. நோவுக் குளிசையை அரை மணித்தியாலத்துக்கு முன் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஆறாம் கிழமையிலும் 90ஐ எட்டாவிட்டால் ஒதுங்கியிருக்காமல் நிபுணரிடம் போகவேண்டும். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வாய்ப்பு 6 முதல் 12 கிழமைக்குள் நல்ல பலன் தரும், பிந்தினால் தழும்பு முற்றிவிடும். குந்துவதும் சப்பாணி கட்டி நிலத்தில் இருப்பதும் இனி வேண்டாம் என்பதை முன்னரே மனதில் பதிய வையுங்கள். ஒப்பரேஷன் சரியாக நடந்தும் மனம் உடைபவர்கள் பெரும்பாலும் இதை எதிர்பாராதவர்கள்.

படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்க் கால் முதலில். ஊன்றுகோலுக்கு மாறியதும் அதை நோய்க் காலின் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு வேறு கவனம் உண்டு. பின்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் 6 முதல் 12 கிழமைக்குக் காலுக்கு மேல் கால் போடுதல், 90 பாகைக்கு மேல் குனிதல், பாதத்தை உள்ளே திருப்புதல் மூன்றும் கூடாது, மூட்டு நழுவிவிடும். வீடு போகும்போது த்ரீவீலரைத் தவிருங்கள். தாழ்ந்த சீட்டும் காலி வீதிக் குலுக்கலும் சேர்ந்தால் ஆபத்து. கார் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் சீட்டில் அமர்ந்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும்.

பத்தியம்

"கிரந்திச் சாமான்" என்று சூரை, இறால், தக்காளி, கத்தரிக்காய், முட்டை எல்லாம் விலக்கப்படும். உண்மையில் ஒவ்வாமை இருக்கும் உணவைத் தவிர வேறெதுவும் தையலில் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி. கிருமியை எதிர்க்கவும் தோலை மூடவும் புரதம் வேண்டும். கஞ்சியும் இரசச் சோறும் அதைத் தராது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்பது கணக்கு. 60 கிலோ அம்மாவுக்கு 72 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 200 கிராம் மீனில் 40, ஒரு கோப்பை வெந்த பருப்பில் 15 அளவில், ஒரு கிளாஸ் பாலில் 7. இவ்வளவும் சேர்ந்தால் எல்லையைத் தொடும். சைவக்காரர் பருப்பு, கடலை, சோயா, தயிரைக் கூட்ட வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோவுக் குளிசைகளில் சில மலத்தை இறுக்கும், ஆகவே கீரை, பப்பாசி, போதிய தண்ணீர், தேவைப்பட்டால் லக்டுலோஸ்.

காயம், காய்ச்சல், கட்டி

தையலோ கிளிப்போ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது. மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் அதில் படக்கூடாது. முதல் சில நாள் சற்றுக் கசிவது இயல்பு. ஐந்தாம் நாளுக்குப் பின்னும் கட்டு நனைந்துகொண்டிருந்தால் அல்லது நின்ற கசிவு மறுபடி தொடங்கினால் அன்றே ஒப்பரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். பக்கத்து ஃபார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுப்பது மிகக் கெட்ட பிழை. குளிசை மேல் சிவப்பை மட்டும் அடக்கும், உள்ளே படலம் முற்றும், பிறகு எடுக்கும் மாதிரியில் எந்தக் கிருமி என்றும் தெரியாது. முதல் மூன்று நான்கு கிழமைக்குள் பிடித்தால் கழுவி மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். ஒப்பரேஷன் செய்துகொண்ட நோயாளி இரத்தம் உறையாமல் மருந்து போடுபவர். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவையும் போடலாம். டெங்குவில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் வந்ததும் டைக்ளோஃபெனாக் வகையை நிறுத்தி, பனடோல் மட்டும் கொடுத்து, ஃபுல் பிளட் கவுண்ட் எடுத்து, உறைவு மருந்தைப் பற்றி உடனே வைத்தியரிடம் கேளுங்கள். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது, மெலிந்தவருக்கு இன்னும் குறைவு.

உறைவைத் தடுக்க எனொக்சபாரின் ஊசி வீட்டுக்குத் தந்தால், தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்துங்கள். நிரப்பிய சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம், குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம். எத்தனை நாள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். கால் நன்றாக இருக்கிறதென்று பாதியில் விடக்கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நோகிறது, திடீரென மூச்சு வாங்குகிறது, நெஞ்சு குத்துகிறது என்றால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். எண்ணெய் தேய்த்து நீவுவதற்கு யாரையும் காலில் கை வைக்க விடாதீர்கள், உறைந்த கட்டி பெயர்ந்து போகும்.

யாழ்ப்பாணம் திரும்ப அவசரப்படாதீர்கள். கிளிப் எடுத்த பிறகு போவது நல்லது. கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் காலைத் தொங்கவிட்டு இருப்பது வீக்கத்தையும் உறைவையும் அழைக்கும். ரயிலென்றால் மணிக்கொரு தரம் எழுந்து நடக்கலாம். டயக்னோசிஸ் கார்ட், மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், எக்ஸ்ரே மூன்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேரின் ஃபோனில் வையுங்கள்.

முதியவர் விழுந்து இடுப்பு முறிந்தால்

மேலே சொன்ன தயாரிப்புக்கு இங்கே நேரமில்லை. விழுந்த பின் எழும்ப முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பிக் கிடந்தால் தொடை என்பின் கழுத்து முறிந்திருக்கக் கூடும். இழுத்து நேராக்காதீர்கள், ஒட்டுக்கட்டும் வைத்தியரிடம் கொண்டுபோகாதீர்கள். "85 வயது, ஒப்பரேஷன் தாங்குமா?" என்று குடும்பம் கூடிக் கதைத்து மூன்று நாள் போக்குவதுண்டு. தாங்காதது படுக்கைதான். முறிவோடு படுத்தவருக்குப் படுக்கைப்புண்ணும் நியூமோனியாவும் வேகமாக வரும். 36 முதல் 48 மணித்தியாலத்துக்குள் செய்வதே இலக்கு. கையெழுத்துப் போட வேண்டியவர் தொலைவில் இருந்தால் அன்றே பேசி முடியுங்கள்.

வார்டில் அப்பப்பா திடீரென ஆளை மறந்து கத்தினால் அது பைத்தியமல்ல, வயதானவருக்கு முறிவுக்குப் பின் அடிக்கடி வரும் குழப்ப நிலை. கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள், பகலில் யன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், சலம் போகிறதா மலம் போகிறதா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளியும்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்த என்பு பலவீனமானது. ஒப்பரேஷன் அந்த ஒரு என்பைத்தான் சரிசெய்கிறது. என்பை வலுப்படுத்தும் மருந்தைக் கேட்டு வாங்காமல் வார்டை விட்டுப் போகாதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கமும் முறியக்கூடும். அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் தந்தால் கிழமைக்கு ஒரு நாள், காலை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலம் நிமிர்ந்திருக்க வேண்டும். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். படுத்தால் குளிசை தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மருந்து தொடங்க முன் பிடுங்கிவிடுங்கள்.